ஆடு தின்ற கப்பல்

பிலோமின்ராஜ் வீட்டுக்கென்று செய்து கொடுத்த எந்தப் பொருளும் கேட்ட அளவில் இருந்ததில்லை. எல்லாமே ஒரு சுற்று பெரிதாகத்தான் வரும். அரிசிப் பானைக்கு மூடி செய்தால் பானையைவிட மூடி அகலமாக இருக்கும். ஜன்னலுக்குப் பலகை அறுத்தால் ஜன்னலுக்குள் நுழையாது. மாமனாருக்கு ஆசையாக ஒரு கைத்தடி கடைந்து கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது பெரியவரின் கை அவர் காதுக்கு நேரே இருந்தது. மாப்பிள்ளை மனம் நோகக் கூடாதென்று அவர் மூன்று வருடம் அப்படியே நடந்தார்.

குற்றம் மனிதருடையது அல்ல, தொழிலுடையது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்கூடத்தில் அவர் மாதிரி மேஸ்திரி. கோப்பையோ குடுவையோ பொம்மையோ, முதலில் அவர் கையால் ஒரு மாதிரி செய்து, அதைப் பார்த்துத்தான் பிளாஸ்டர் அச்சு எடுப்பார்கள். களிமண் காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். ஒன்பது அங்குலம் வைத்தால்தான் கடைசியில் எட்டு அங்குலம் கையில் மிஞ்சும். அதற்காகவே அவர் தேக்குச் சட்டத்தில் ஒரு அளவுகோல் செய்து வைத்திருந்தார். அதில் ஒவ்வொரு அங்குலமும் நிஜ அங்குலத்தைவிட அரைக்கால் பங்கு நீளம். பேட்டையில் அதற்குச் சூளை ஸ்கேல் என்று பெயர். பதினைந்து வருடமாக அது அவர் கையில் ஆறாவது விரலாக இருந்தது.

அப்படிப்பட்ட மனிதர் நாற்பத்தாறாவது வயதில் காகிதக் கப்பல் செய்ய உட்கார்ந்தார். மழைத்தண்ணீரில் விடுகிற மடிப்புக் கப்பல் இல்லை. அட்டையை வெட்டி, விலா எலும்பு வைத்து, மேல்தட்டு, புகைக்கூண்டு, பாய்மரக் கம்பம் எல்லாம் ஒட்டிச் செய்கிற முழுக்கப்பல். எழுபத்து நாலாம் வருடத் தவக்காலம் அது, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு. மற்றவர்கள் கறியை விட்டார்கள், பீடியை விட்டார்கள். இவர் ஒன்றைப் புதிதாகப் பிடித்துக்கொண்டார் என்று அவர் மனைவி அருள்மேரி பக்கத்து வீடுகளில் சொல்லி வைத்தாள்.

புதிதாகப் பிடித்தது என்று சொல்ல முடியாது. சின்ன வயதில் விட்டதைத் திரும்பப் பிடித்தார். அதற்குக் காரணம் பினாங்கிலிருந்து வந்த ஒரு கடிதம். அக்கா விமலாராணி எழுதியிருந்தாள். ஈஸ்டர் முடிந்து வருகிறாளாம், ஒரு மாதம் தங்குவாளாம். யார் யாருக்கு என்ன அளவில் சட்டைத் துணி வேண்டும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் இடமில்லாத ஓரத்தில் நெருக்கி ஒரு வரி எழுதியிருந்தாள். அப்பா செய்யச் சொன்ன கண்ணாடிப் பெட்டி இன்னும் இருக்கிறதா?

பெட்டி இருந்தது. கிறிஸ்துமஸுக்குப் பதினைந்து நாள் அதில் குழந்தை ஏசு படுத்திருப்பார். மீதி நாளெல்லாம் முறுக்கு இருக்கும். ஆனால் அது செய்யப்பட்டது ஏசுவுக்கும் அல்ல, முறுக்குக்கும் அல்ல, ஒரு கப்பலுக்கு. அந்தக் கப்பல் பெட்டிக்குள் போகவே இல்லை. ஏன் போகவில்லை என்பது உலகத்தில் பிலோமின்ராஜ் ஒருவருக்குத்தான் தெரியும்.

அப்போது அவர்கள் கடலூர் முதுநகரில் இருந்தார்கள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களைப் பார்த்துப் பார்த்து விமலாராணி அட்டையில் வரைவாள், வெட்டுவாள். அவளுக்குக் கத்தரிக்கோல் பிடித்த கை ஆடாது. ஒட்டுவது தம்பியின் வேலை. சின்னச் சின்னதாக ஆறேழு செய்த பிறகு, அவளுக்குப் பதினைந்தும் அவனுக்குப் பத்துமாக இருந்த தவக்காலத்தில், இரண்டடி நீளத்தில் ஒன்று செய்தார்கள். பக்கத்து வீட்டு ஆண்டாள் தன் சடையிலிருந்த சிவப்பு ரிப்பனை வெட்டிக் கொடியாகக் கொடுத்தாள். ஆண்டாளும் விமலாராணியும் ஒருத்தி வாயில் போட்ட புளியங்காயை இன்னொருத்தி கடித்துத் தின்கிற சிநேகிதம். அப்பா பார்த்து மகிழ்ந்துபோய்த் தச்சரிடம் கண்ணாடிப் பெட்டிக்குச் சொன்னார். சனிக்கிழமை வருவதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போனார்கள். வயிற்றுவலி என்று ஒருவன் மட்டும் வீட்டில் தங்கினான். கப்பல் என்றால் தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டாமா? கிணற்றடித் தொட்டியில் விட்டான். ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் அது கம்பீரமாகத்தான் நின்றது. பிறகு சாய்ந்தது. பிறகு பசை விட்டு, நாற்பது நாள் வேலை ஏடு ஏடாகப் பிரிந்தது. எல்லாவற்றையும் அள்ளிக் குப்பைக் குழியில் புதைத்துவிட்டு நிமிர்ந்தபோது, வேலி ஓரத்தில் ஆண்டாள் வீட்டு ஆடு எதையோ மென்றுகொண்டு நின்றது.

சுவரில் ஒட்டிய நாடக நோட்டீஸை ஆடுகள் பசைக்காக உரித்துத் தின்பது அந்தத் தெருவே பார்த்த காட்சி. அக்கா வந்து கப்பல் எங்கே என்று கேட்டபோது அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. விரலை மட்டும் ஆட்டின் பக்கம் நீட்டினான். வாயால் நான் பொய் சொல்லவில்லை என்கிற இந்த நுணுக்கத்தை வைத்துக்கொண்டுதான் அவர் முப்பத்தாறு வருடமாக, சாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் இந்த ஒன்றைச் சொல்லாமல் எழுந்து வந்துகொண்டிருந்தார்.

ஆண்டாள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள், எங்கள் ஆடு காகிதம் தின்னாது என்று. விமலாராணி அவளோடு பேச்சை விட்டாள். மறு வருடம் கல்யாணமாகி, ரப்பர் தோட்ட ஆபீசில் வேலை பார்க்கிற புருஷனோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறப் புறப்பட்ட நாளில், தெருமுனையில் ஆண்டாள் நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. பையனாக இருந்த பிலோமின்ராஜ் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இப்போது அவர் போட்ட திட்டம் எளிமையானது. அதே மாதிரி ஒரு கப்பலைச் செய்து அந்தப் பெட்டியில் வைத்துவிட வேண்டியது. அக்கா வந்து பார்ப்பாள், கண் கலங்குவாள், எல்லாம் சரியாகிவிடும். தான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. விரலால் செய்த பாவத்தை விரலாலேயே தீர்த்துவிடலாம் என்று அவர் மனதார நம்பினார்.

அருள்மேரியின் தையல் நாடாவை வாங்கிப் பெட்டியின் உள்நீளம் பார்த்தார், இருபத்தாறு அங்குலம். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று விட்டால் கப்பல் இருபத்து நாலு. தாளில் குறித்துக்கொண்டார். வேலை தொடங்கியது. பழைய காலண்டர் அட்டைகள் காணாமல் போயின. ஊரார் வைத்த கல்யாணப் பத்திரிகைகள் மேல்தட்டாயின. விளக்குமாற்று ஈர்க்கு சிவப்பு ரிப்பன் கொடியோடு கம்பமாயிற்று, ரவிக்கைக்கு வைத்திருந்த ஊக்குகள் நங்கூரச் சங்கிலியாயின. மைதா மாவுப் பசை காய்ச்சியது பால் சட்டியில் என்பது தெரிந்த அன்று அருள்மேரி அந்தச் சட்டியையே அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். பேட்டையில் சூளைக்காரர் கொளஞ்சியப்பன் தினமும் விசாரித்தார். மேஸ்திரி முடித்ததும் கொண்டுவந்தால் ஆயிரத்து இருநூறு டிகிரியில் ஒரு வேக்காடு வைத்துத் தருவதாகச் சொன்னார்.

பிலோமின்ராஜ் வேலையிலேயே குறியாக இருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு ஒட்டினார். சந்தோஷமாக இருந்தார் என்பதுதான் உண்மை. பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறவருக்கு இத்தனை சந்தோஷம் ஆகாது என்று அவருக்கே அவ்வப்போது உறுத்தியது. உறுத்தியபோதெல்லாம் இன்னொரு ஜன்னல் வெட்டி ஒட்டினார்.

அக்கா வருவதற்கு முந்தின நாள் கப்பல் முடிந்தது. பெட்டியிலிருந்த முறுக்கை அருள்மேரி டப்பாவுக்கு மாற்றினாள். அவர் கப்பலைத் தூக்கி உள்ளே இறக்கினார். இறங்கவில்லை. முன்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார், பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார், மூலைவாட்டில் வைத்துப் பார்த்தார். அருள்மேரி நாடாவைக் கொண்டுவந்து வைத்தாள். இருபத்தேழு அங்குலம். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மேசை மேல் கிடந்த தேக்குச் சட்டத்தை எடுத்து நாடாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இத எந்தச் சூளையில வெச்சு எடுக்கப் போறீங்க?"

சிரிப்பு அடங்கி நிமிர்ந்தபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். பதினைந்து வருட மேஸ்திரி, மயிரிழை பிசகினால் மாதிரியை உடைத்துப் போடுகிறவர், கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டாள். தொட்டி, குப்பைக்குழி, ஆடு, விரல் எல்லாவற்றையும் அவர் சொன்னார். இருபது வருடம் கூட வாழ்ந்தவள் முதல்முறையாகக் கேட்டாள். மூன்று அங்குலத்தை வெட்டிவிட்டு ஒட்டினால் என்ன என்று அவரே கேட்டு, நடுவில் வெட்டினால் விலா எல்லாம் போய்விடும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

அருள்மேரி முறுக்கைத் திரும்பவும் பெட்டியில் அடுக்கினாள். "கப்பலு பெட்டிக்குள்ள போவலன்னா போவுது. வாயத் தொறந்து சொல்லுங்க. அதுக்கு அளவு ஒண்ணும் வேணாம்."

விமலாராணி வந்தாள். உடம்பு பருத்து, கண்ணாடி போட்டு, பிஸ்கட் டின்களும் தைலப் புட்டிகளுமாக வந்து இறங்கினாள். தையல் மெஷின் மேல் நின்ற கப்பலைப் பார்த்ததும் பையைக் கீழே வைக்க மறந்துபோனாள். சுற்றி வந்து பார்த்தாள். ஜன்னல்களை விரலால் தடவினாள். ஐம்பத்தொரு வயது முகத்தில் அந்தப் பழைய பெண் எட்டிப் பார்த்தாள்.

"வெட்டு கோணலாத்தான் இருக்குது. ஒட்டு நல்லாருக்குது," என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, பக்கத்தில் யாரும் ஆடு வளர்க்கவில்லையே என்று கேட்டாள்.

சொல்ல அதைவிட நல்ல இடம் வராது. பிலோமின்ராஜ் வாயைத் திறந்தார், காபி சாப்பிடலாம் என்றார். மறுநாள் அக்காவுக்குக் களைப்பு என்று விட்டார். அதற்கு மறுநாள் பேட்டையில் அவசர வேலை. மூன்றாம் நாள் அக்காவுக்குத் தலைவலி, நாலாம் நாள் அவருக்கே தலைவலி. அருள்மேரி ஒவ்வொரு ராத்திரியும் அவரைப் பார்ப்பாள், அவர் கூரையைப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட உட்கார்ந்திருந்தபோது விமலாராணியே ஆரம்பித்தாள். பினாங்கில் எத்தனையோ பேர் பழக்கம், ஆனால் ஆண்டாள் மாதிரி ஒருத்தி வாய்க்கவில்லை என்றாள். ஒரு ஆட்டுக்காகப் போய்விட்டது என்றாள். "ஆமா, எங்க ஆடுதான் தின்னுடுச்சுன்னு ஒரு வார்த்த ஒத்துக்கிட்டிருந்தா அன்னிக்கே பேசியிருப்பேன். சத்தியம் பண்ணினா பாரு, அதான் எனக்குப் பொறுக்கல."

பிலோமின்ராஜ் எடுத்த கவளத்தைத் திரும்ப வைத்தார். கப்பலைக் கெடுத்ததுதான் பாவம் என்று அவர் இத்தனை வருடம் நினைத்திருந்தார். கப்பல் வெறும் அட்டை. கெட்டது வேறு.

"ஆடு திங்கலக்கா," என்றார். "நான்தான் தொட்டியில வுட்டேன். கரைஞ்சு போச்சு. குழி தோண்டிப் பொதைச்சிட்டேன்."

விமலாராணி கையை இலையிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "அவ சத்தியம் பண்ணும்போது நீ பக்கத்துலதானடா நின்ன?"

"நின்னேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால், கரண்டியால் ஒரு போடு போட்டிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இலையை மடித்துவிட்டு எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் காபிக்கு எழவில்லை, ராத்திரி சாப்பாட்டுக்கும் எழவில்லை. பிலோமின்ராஜ் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். வெட்கமாக இருந்தது. பத்து வயதில் பட்டிருக்க வேண்டிய வெட்கம், வட்டியும் முதலுமாக வந்து சேர்ந்திருந்தது.

காலையில் அவர் எழுந்தபோது அக்கா குளித்துப் புடவை மாற்றி நின்றுகொண்டிருந்தாள். ஆண்டாள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். அவருக்குத் தெரியும். சேத்தியாத்தோப்பில் வாக்கப்பட்டு அங்கேதான் இருக்கிறாள். நாலு வருடத்துக்கு முன்னால் அங்கே பஸ் மாறும்போது அவளே வந்து பேசி, அக்கா சுகமா என்று விசாரித்து, வீட்டுக்கு வழியும் சொல்லிவிட்டுப் போனாள். அக்காவுக்கு எழுதிய கடிதம் எதிலும் அவர் அதைச் சொல்லவில்லை.

"சேத்தியாத்தோப்புக்கு எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்றாள் விமலாராணி. "கப்பலையும் எடு."

இருபத்தேழு அங்குலக் கப்பலை மடியில் வைத்துக்கொண்டு நெரிசலான பஸ்ஸில் போவது லேசான காரியமில்லை. கண்டக்டர் அதை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பார்த்துவிட்டு, இது தண்ணீரில் போக வேண்டியதாயிற்றே, எங்கள் வண்டியில் ஏன் ஏற்றினீர்கள் என்றார். பக்கத்தில் இருந்த பெரியவர் இது எந்தக் கட்சிச் சின்னம், தேர்தல் அறிவித்துவிட்டார்களா என்று அக்கறையாக விசாரித்தார். கூடைக்காரி ஒருத்தி தன் கத்தரிக்காயை அதன் மேல்தட்டில் வைக்கப் பார்த்தாள். பிலோமின்ராஜ் எல்லோரிடமிருந்தும் அதை இரண்டு கையாலும் அணைத்துக் காப்பாற்றினார். முன் நுனி கம்பியில் இடித்துவிடாமல் தன் நெஞ்சை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விமலாராணி வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தாள். இறங்கும்போது கப்பலில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆண்டாளின் வீடு வெள்ளாற்றங்கரைப் பக்கம், ஓட்டு வீடு. வாசலில் வேப்பமரம், மரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில். அந்தப் பக்கம் முளையில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. தலை முழுக்க நரைத்த ஒருத்தி முறத்தோடு வெளியே வந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். பிலோமின்ராஜின் கை வலித்தது, ஆனால் கப்பலைக் கீழே வைக்கத் தைரியம் வரவில்லை.

"ஆண்டா," என்றாள் விமலாராணி. "ஒங்க ஆடு திங்கல. இந்தப் பாவிதான் தண்ணியில வுட்டிருக்கான். எனக்கு நேத்துதான் தெரியும்."

ஆண்டாள் கப்பலைப் பார்த்தாள், அதன் கம்பத்தில் இருந்த சிவப்பு ரிப்பனைப் பார்த்தாள், கடைசியாக அவரைப் பார்த்தாள்.

"நான் அன்னிக்கே சொன்னனே. எங்க ஆடு காயிதம் திங்காதுன்னு."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு அதையே இன்னொரு தடவை சொன்னாள். அதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது, விமலாராணி போய்க் கட்டிக்கொண்டாள். பிலோமின்ராஜ் மன்னிப்புக் கேட்டார். கப்பலைக் கையில் வைத்துக்கொண்டேதான் கேட்டார். அந்த ஆட்டை அவள் அப்பா அதே வாரம் சந்தையில் விற்றுவிட்டார் என்று ஆண்டாள் சொன்னாள். திருட்டு ஆடு என்று பேர் வந்த பிறகு வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்கு மனமில்லையாம். அது குட்டியிலிருந்து அவள் வளர்த்ததாம். இதை அவர் இப்போதுதான் கேள்விப்பட்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பேச்சு வேறு பக்கம் போயிற்று. யார் யார் இருக்கிறார்கள், யார் யார் போய்விட்டார்கள், யாருக்கு எத்தனை பேரப்பிள்ளைகள். கப்பல் உனக்குத்தான் என்று விமலாராணி சொன்னாள். ஆண்டாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைக் கட்டிலின் கடைசியில் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போனாள். அக்காவும் தம்பியும் கட்டிலின் இந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவள் முதல்முறையாக அவர் பக்கம் திரும்பி, எத்தனை நாளடா ஆச்சு இதைச் செய்ய என்று கேட்டாள்.

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு சத்தம் கேட்டது. அட்டை கிழிகிற சத்தம். முப்பத்தாறு வருடம் ஆனாலும் இரண்டு பேருக்கும் மறக்காத, ஆடு நோட்டீஸ் உரிக்கிற சத்தம். முளைக் கயிறு கட்டில் வரைக்கும் எட்டும் என்பதை யாரும் அளந்து பார்க்கவில்லை. வெள்ளாடு நிதானமாகக் கொடியை முடித்துவிட்டு முன்பக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. மைதாப் பசை நன்றாகக் காய்ந்திருந்ததால் மொறுமொறுவென்று கேட்டது.

பிலோமின்ராஜ் கத்த வாயைத் திறந்தார். விமலாராணி அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். பிடித்தபடியே இன்னொரு கையால் கப்பலை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே டம்ளர்களின் ஓசை கேட்டது.

ஆண்டாள் காபியோடு வெளியே வந்தாள். வந்தவள் கண் நேராகக் கப்பலின் முன்பக்கத்துக்குப் போயிற்று.

"இன்னா ஆச்சு இது? முன்னாடி காணமே?"

விமலாராணி என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தாள். இந்த வித்தை அவளுக்குப் பழக்கமில்லை.

"நான்தான் ஆண்டாளக்கா," என்றார் பிலோமின்ராஜ். "பஸ்ஸுல சரியாப் புடிக்கல. நசுங்கிப் போச்சு. அசிங்கமா இருக்குதேன்னு இப்பத்தான் கிள்ளி எடுத்தேன்."

ஆண்டாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஒன் கையில எதைக் குடுத்தாலும் இப்படித்தான் என்றாள். விமலாராணி அவர் மணிக்கட்டை விட்டாள், விட்ட கையாலேயே முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

ஆட்டின் வாயோரத்தில் சிவப்பு ரிப்பனின் நுனி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பிலோமின்ராஜ் எழுந்துபோய் அதற்கு முன்னால் மறைத்தாற்போல் நின்றுகொண்டு, காபியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.